ராத்திரி எத்தனை பேர்?

மாட்டுங்காவில் சித்தி குடியிருக்கும் இரண்டாம் மாடிக்கு 41 படி. லிஃப்ட் கிடையாது. 1896 பிளேக்குக்குப் பிறகு, 1898இல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா பக்கம் மனை பிரித்தபோது காற்றோட்டத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டது. அகலத் தெருவும் மரமும் ஃபைவ் கார்டன்ஸும் அப்படி வந்தவை. அங்கே எழுந்த கட்டிடங்களுக்கு வாடகைக்கு வந்த நம்மூர் குமாஸ்தாக்களுக்கும் ஸ்டெனோக்களுக்கும் அப்போது இருபத்தைந்து வயது. படியை யார் எண்ணினார்கள்? நான் எண்ணியதே போன வருஷம்தான். சித்திக்கு 82 முடிந்துவிட்டது. பன்னிரண்டு மாதத்தில் அவள் தெருவில் கால் வைத்தது 6 தடவை. ஆறும் டாக்டரிடம் போக.

அவள் பையன்கள் இருவரும் வெளிநாட்டில். தாதரில் இருக்கும் நான்தான் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவன். முதியோர் குடியிருப்பு ஏதாவது பார்க்கலாம் என்று அவர்கள் மூன்று இடங்களின் வழவழப்பான விளம்பரப் புத்தகங்களை அனுப்பினார்கள். ஒன்று கர்ஜத் பக்கம், ஒன்று புனே ஓரம், ஒன்று கோயம்புத்தூர். ஒரு மருந்துக் கம்பெனியில் 34 வருஷம் காஸ்டிங் பார்த்தவன் நான். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணத் தொடங்கிவிடுவேன். முதல் புத்தகத்தில் 27 வசதிகள், இரண்டாவதில் 31, மூன்றாவதில் 19. நீச்சல் குளம், மினி தியேட்டர், மூலிகைத் தோட்டம், கோயில், கேரம் அறை. மூன்றையும் புரட்டி முடித்தும், ராத்திரி எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்ற எண் ஒரு பக்கத்திலும் அகப்படவில்லை.

சித்தியிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "ஸ்விம்மிங் பூல் எனக்கெதுக்குடா? ராத்திரி ரெண்டு மணிக்கு மணி அடிச்சா யார் வருவா, அதைக் கேட்டுண்டு வா."

கீழே இருப்பது அந்தக் கேள்விக்கான கணக்கு. சம்பளங்களும் சாமான் விலையும் நான் மதிப்பாக எடுத்துக்கொண்டவை. உங்களுக்குத் தெரிந்த விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். பெருக்கலும் வகுத்தலும் அதேதான்.

முதலில் ஆட்களின் தேவை. இதற்கு நான் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. செம்பூரைத் தாண்டினால் தேவ்னார். அங்கேதான் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. இந்தியாவின் முதுமை பற்றிய மிகப் பெரிய ஆய்வை நடத்தியது அவர்கள்தான். 2017-18இல் களப்பணி, 2021 ஜனவரியில் அறிக்கை. 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானவர்களைச் சந்தித்தார்கள். அதில் 60ஐத் தாண்டியவர்கள் 31,464 பேர். முதியவர்களில் 75 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட நோய். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, கட்டிலைவிட்டு இறங்குவது போன்ற அன்றாடக் காரியங்களில் ஒன்றிலாவது சிரமப்படுகிறவர்கள் 24 சதவீதம். சமைப்பது, கடைக்குப் போவது, மருந்தை நேரத்துக்கு எடுப்பது, பணத்தைக் கையாள்வது என்று அடுத்த படியை எடுத்தால் சிரமம் 48 சதவீதம் பேருக்கு. இது வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்த சராசரி. இல்லத்துக்குப் போகிறவர்கள் அந்தச் சராசரியைவிடத் தளர்ந்த பிறகுதான் போகிறார்கள்.

இன்னொரு எண்ணையும் அதே நிறுவனம் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்துடன் சேர்ந்து 2023இல் வெளியிட்டது: 60 வயதைத் தொட்ட இந்தியர் சராசரியாக இன்னும் 18.3 வருஷம் இருப்பார். ஆண்கள் 17.5, பெண்கள் 19. விளம்பரப் புத்தகத்தில் சிரித்துக்கொண்டு கேரம் ஆடுகிற 62 வயதுத் தம்பதி வாங்குவது கேரம் அறையை அல்ல. அந்தப் பத்தொன்பது வருஷத்தின் கடைசி நான்கைந்தை. அதைத்தான் விற்பவரும் பேசமாட்டார், வாங்குபவரும் கேட்கமாட்டார்.

சரி, கைகளின் கணக்குக்கு வருவோம். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் ஆள் வேண்டும்? படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். நாளைக்கு 12 முறை. ஒரு முறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு 5 நிமிடம்: 120 நிமிடம். டயப்பர் 5 முறை, தலா 10 நிமிடம்: 50. உடம்பு துடைத்து உடை மாற்ற 30. மூன்று வேளை ஊட்டிவிட, வேளைக்கு 20 நிமிடம் என்றால் 60. மொத்தம் 260 நிமிடம். இதில் தலைவாரிவிடுவதும் நாலு வார்த்தை பேசுவதும் சேரவில்லை. 20 நிமிடத்தில் ஊட்டுவதும் அவசர ஊட்டல்தான். என் அம்மாவுக்கு ஒரு கிண்ணம் ரசம் சாதம் உள்ளே போக முக்கால் மணி ஆனது.

இப்போது 40 பேர் இருக்கும் ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். 10 பேர் படுக்கையில். 14 பேருக்குக் குளிக்கவும் நடக்கவும் ஒரு கை வேண்டும். ஆளுக்கு 90 நிமிடம் போடுகிறேன். மீதி 16 பேர் தாமாகவே பார்த்துக்கொள்கிறவர்கள். ஆளுக்கு 15 நிமிடம் போதும். 2,600, 1,260, 240. கூட்டினால் 4,100 நிமிடம், அதாவது நாளைக்கு 68 மணி 20 நிமிடம். எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீ, பொறுப்பு மாற்றிக்கொள்வது போக 7 மணி நேரம்தான் கையில் நிற்கும். அப்படியென்றால் நாளைக்கு 9.76 ஷிஃப்ட்.

இங்கேதான் நிர்வாகிகள் பலர் கணக்கில் ஒரு படியைத் தாண்டவைப்பார்கள். பத்து பேர் இருந்தால் போதுமே என்பார்கள். பத்து பேரும் 365 நாளும் வருவார்களா? மகாராஷ்டிரக் கடை மற்றும் நிறுவனச் சட்டம், 2017, ஒரு தொழிலாளிக்குத் தரும் விடுப்பை அளவுகோலாக எடுத்தேன். வார விடுமுறை 52, பண்டிகை 8, தற்செயல் விடுப்பு 8, உழைத்த 20 நாளுக்கு ஒன்று வீதம் ஈட்டிய விடுப்பு ஏறக்குறைய 14. 365இல் இவை போனால் 283 நாள். எனவே 9.76ஐ 365ஆல் பெருக்கி 283ஆல் வகுக்க வேண்டும்: 12.6. ஆள் அரைகுறையாக வரமுடியாது, 13 பேர். அதேபோல ஒரு நர்ஸ் நாற்காலி 24 மணி நேரமும் காலியாகாமல் இருக்க, வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஒருவர் தரக்கூடியது 283 நாள், நாளுக்கு 8 மணி: 2,264. வகுத்தால் 3.87. நாலு நர்ஸ் சம்பளப் பட்டியலில் இருந்தால்தான் ஒரு நர்ஸ் எப்போதும் கண்ணில் படுவார். "எங்களிடம் நாலு நர்ஸ் இருக்கிறார்கள்" என்று ஓர் இல்லத்தில் பெருமையாகச் சொன்னார்கள். உண்மைதான். ஒருவர்தான் இருந்தார்.

ஆக 40 பேருக்கு 13 பராமரிப்பாளர், 4 நர்ஸ். ஒரு முதியவருக்கு நாளைக்குக் கிடைப்பது சராசரி 102 நிமிடப் பராமரிப்பு, 36 நிமிட நர்ஸ், சேர்த்து 138. இது நான் கஞ்சத்தனமாகப் போட்ட கணக்கு. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் முதல் சட்டப்படியான சராசரி 215 நிமிடம். அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸினுடையது. அங்கே இல்லங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் மிகத் தளர்ந்தவர்கள், அதனால் எண்ணும் பெரிது. அமெரிக்காவில் 2024இல் ஒன்றிய அரசு 3.48 மணி நேரம், அதாவது 209 நிமிடம் என்று விதி போட்டது. இல்ல முதலாளிகள் சங்கம் வழக்குப் போட்டு, 2025 ஏப்ரலில் டெக்ஸாஸ் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ரத்தானாலும் எண் என்று ஒன்று மேஜைமேல் வந்தது. நம்முடைய 2007ஆம் வருஷ பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் நிமிடக் கணக்கே கிடையாது. இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் வைக்கலாம் என்று 2019 டிசம்பரில் கொண்டுவந்த திருத்த மசோதா, நிறைவேறாமலே 2024இல் மக்களவையோடு காலாவதியானது.

மகாராஷ்டிரத்தில் ஓரளவு அளவெடுத்தது மஹாரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். முதியோருக்கென்று கட்டி விற்கும் வீடுகளுக்கு 2024 மே மாதம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கதவு 900 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது; சக்கர நாற்காலி நுழையும் லிஃப்ட்; மாடிப்படி 1,500 மில்லிமீட்டர் அகலம், இருபக்கமும் கைப்பிடி, ஒரே வீச்சில் 12 படிக்கு மேல் கூடாது; குளியலறையில் வழுக்காத தரையும் பிடித்துக்கொள்ளக் கம்பியும்; சமையலறையில் வாயுக் கசிவைக் காட்டும் கருவி. எல்லாம் நல்ல விதிகள், நானே டேப் வைத்து அளந்து பார்த்தேன். கோவை இல்லத்தில் கதவு சரி. புனேயில் குளியலறைக் கதவு மட்டும் 750. ஆனால் இந்த நெறிகள் அளப்பது கதவை. மணி அடித்தால் அந்தக் கதவு வழியாக வருகிற ஆளை அளக்க ஒரு விதியும் இல்லை. ஆளை நாம்தான் அளக்க வேண்டும்.

சம்பளத்துக்கு வருவோம். பராமரிப்பாளருக்கு 18,000 ரூபாய் என்று வையுங்கள். முதலாளி கட்டும் வருங்கால வைப்பு நிதி 15,000 வரம்பில் 12 சதவீதம், 1,800. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 585. கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 866, போனஸ் 8.33 சதவீதம் 1,499. ஆக 22,750. நர்ஸுக்கு 28,000 என்றால் மற்றவை சேர்த்து 31,150. பதின்மூன்று பேருக்கும் நாலு பேருக்கும் சேர்த்து மாதம் 4,20,350 ரூபாய். 40ஆல் வகுத்தால் தலைக்கு 10,509.

அந்த 10,509தான் இந்தக் கட்டுரையின் மையம். மற்றவை அதைச் சுற்றி வருகிற செலவு. என் நோட்டுப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், தலைக்கு, மாதத்துக்கு:

பராமரிப்பும் நர்ஸும்: 10,509
சாப்பாட்டுச் சாமான், நாளைக்கு 150 வீதம்: 4,500
சமையல், துப்புரவு, சலவைக்கு 10 ஆட்கள்: 5,688
மின்சாரம், தண்ணீர், ஜெனரேட்டர்: 3,000
டாக்டர் வருகை, ஆம்புலன்ஸ் பங்கு: 1,000
மேலாளர், அலுவலகம்: 2,500
கட்டிட வாடகையும் பழுதும்: 5,000
கூட்டல்: 32,197

லாபம் சேர்க்கவில்லை. இதை வைத்துக்கொண்டு கட்டணப் பட்டியலைப் பார்த்தால் இரண்டு விஷயம் புரியும். மாதம் 18,000 ரூபாய்க்கு எல்லாம் அடக்கம் என்று ஒருவர் சொன்னால், கைகளுக்கு 10,509 போக மிச்சம் 7,491. அதில் சாப்பாடும் கரன்ட்டும் போட்டாலே தீர்ந்துவிடும். சமையல்காரரும் கட்டிடமும் எங்கிருந்து வரும்? ஒன்று, நன்கொடை இருக்க வேண்டும். சென்னையில் சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கிய விஸ்ராந்தி போன்ற அறப்பணி இல்லங்கள் ஆதரவற்ற முதியவர்களைக் கட்டணம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடிந்தது ஊரார் கொடுத்ததால்தான். நன்கொடை இல்லையென்றால், குறைந்திருப்பது கைகள். மாறாக மாதம் 70,000 கேட்கும் இடத்திலும் ஆட்கள் இதே 17தான் என்றால், நீங்கள் கொடுப்பதில் கைகளுக்குப் போவது 15 சதவீதம். மீதி குளத்துக்கும் புல்வெளிக்கும் விளம்பரப் புத்தகத்துக்கும்.

குளத்தைப் பற்றி ஒரு குறிப்பு. நான் போன நாட்களில் இரண்டு இல்லங்களில் குளம் இருந்தது. இரண்டு நாளும் அதன் ஓரத்தில் நின்றுபார்த்து எண்ணினேன். நீந்தியவர்கள் 0. ஒன்றில் தண்ணீர் இல்லை.

இப்போது சித்தி கேட்ட ராத்திரி. இரவு 8 முதல் காலை 8 வரை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருக்கும் பத்துப் பேரை ஆறு முறை புரட்ட, முறைக்கு இரண்டு ஆளும் சேர்த்து 10 நிமிடம்: 600 நிமிடம். டயப்பர் இரண்டு முறை: 200. துணை வேண்டியிருக்கும் 14 பேர் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்தால், தடவைக்கு 10 நிமிடம்: 280. மொத்தம் 1,080 நிமிடம். சரியாக 18 மணி நேரம். இரண்டு பேர் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்து, ஆளுக்கு ஒரு மணி ஓய்வு எடுத்தால் 22 மணி நேரம் கையில் உண்டு. எல்லோரும் ஒரே தளத்தில், யாரும் வழுக்கி விழாமல் இருந்தால் சமாளிக்கலாம். மூன்று தளம் என்றால் மூன்று பேர் வேண்டும். யாரையும் இரண்டு மாடி ஓடவைத்துவிட்டு மணிக்குப் பதில் எதிர்பார்க்க முடியாது.

ஒரே ஒருவர் என்றால்? 18 மணி நேர வேலைக்கு 11 மணி நேரக் கை. ஏதோ ஒன்று விட்டுப்போகும். மணி அடிப்பவரை விட முடியாது, சத்தம் கேட்கும். ஈரத்தை விட முடியாது, காலையில் நாற்றம் அடிக்கும். விட்டுப்போவது புரட்டிப் படுக்கவைப்பது. அதைச் செய்யவேண்டியவர் கூப்பிடமாட்டார். மூன்று வாரம் கழித்து இடுப்பில் சிவக்கும். என் அலுவலக நண்பரின் தாயார் இருந்த ஓர் இல்லத்தில் அப்படித்தான் நடந்தது, பெயர் வேண்டாம். நல்ல இடம்தான். தோட்டம் அவ்வளவு அழகு. 34 பேருக்கு ராத்திரியில் ஒரு பெண். அவளும் பகலில் சமையலறையில் நின்றவள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே போகிறவர்கள் ஒரு தடவை மட்டும் போகாதீர்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எந்த இல்லமும் திருவிழாபோல இருக்கும். நான் கர்ஜத் இல்லத்துக்கு மூன்று தடவை போனேன். தாதரிலிருந்து லோக்கலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், தூங்கிக்கொண்டு போகலாம். ஒரு தடவை ஞாயிறு. ஒரு தடவை வார நாளில், மாலை ஏழு மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு நேரம். ஊட்டிவிட வேண்டியவர்கள் எத்தனை பேர், ஊட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். ஒன்பதுக்கு மூன்று. மூன்றாவது தடவை ராத்திரி வண்டியில் போய் விருந்தினர் அறையில் தங்கினேன். இரவு 1.40க்கு, ஒரு மாமாவிடம் சொல்லிவைத்து, அவர் மணியை அடிக்க, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 6 நிமிடம் 20 விநாடி. வந்த பெண் பதறிப்போனாள். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் 6 நிமிடம் என்பது கழிப்பறைக்குப் போக அவசரப்படும் ஒருவருக்கு நீண்ட நேரம். அவர் எழுந்திருப்பார், விழுவார்.

கேட்கவேண்டிய காகிதம் ஒன்றே ஒன்று: போன மாதத்து டியூட்டி சார்ட். இந்த மாதத்துடையது அல்ல, வரப்போகிறதும் அல்ல. நடந்து முடிந்தது. அதில் யார் பெயர் எத்தனை ராத்திரி வருகிறது, எத்தனை பேர் தொடர்ந்து பகலும் ராத்திரியும் நிற்கிறார்கள், ஆறு மாதத்துக்கு முந்தைய சார்ட்டில் இருந்த பெயர்களில் எத்தனை இன்னும் இருக்கின்றன. மூன்று இல்லங்களில் ஒன்று மட்டும் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டியது. ஆறு மாதத்துக்கு முன் 14 பெயர். அதில் இப்போதும் இருந்தவை 9. நிர்வாகி அம்மாள் தானே சொன்னார்: "போனவர்கள் ஊருக்குப் போனவர்கள் சார். கல்யாணம், அறுவடை." எனக்கு அந்த 9 பிடித்தது, அந்தப் பதிலும் பிடித்தது.

மொழியையும் எண்ணுங்கள். கோவைக்குப் போனால் எல்லாம் தமிழாகிவிடும் என்று மும்பைத் தமிழர்களில் பலர் நினைக்கிறார்கள். ஓய்வுக்காலக் குடியிருப்புகள் அங்கே பெருகியதற்கு நம்மூர்க்காரர்களும் ஒரு காரணம். நான் பார்த்த இடத்தில் வேலையில் இருந்த 11 பேரில் தமிழ் பேசியவர்கள் 4. மற்றவர்கள் வடக்கிலிருந்து வந்த பெண்கள். சித்திக்கு அறுபது வருஷத்து பம்பாய் ஹிந்தி உண்டு, அவள் சமாளிப்பாள். ஆனால் நினைவு தளரும்போது பின்னால் கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் நழுவும். கடைசியில் தமிழில் தண்ணீர் கேட்டால் புரியவேண்டும்.

சாப்பாடு பற்றி நிறைய எழுதலாம், சுருக்கிவிடுகிறேன். மூன்றிலும் சாப்பிட்டேன். இரண்டில் ரசம் நன்றாக இருந்தது. காபி மூன்றிலும் மோசம்.

பணம் எங்கிருந்து வரும் என்று பையன்கள் கேட்கவில்லை, சித்தி கேட்டாள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பு 30 லட்சம், வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு 61,500. மாதக் கணக்கில் 20,500. என் 32,197இல் 11,700 ரூபாய் துண்டு விழும். இதோடு பல இடங்களில் திருப்பித்தரும் டெபாசிட் கேட்கிறார்கள். திருப்பித்தருவதால் அது செலவில்லை என்று நினைக்கவேண்டாம். 10 லட்சம் டெபாசிட் என்றால், அதே 8.2 சதவீதத்தில் வருஷத்துக்கு 82,000 வட்டி போகிறது, மாதம் 6,833. அதையும் கட்டணத்தோடு கூட்டுங்கள், 39,030 ஆகிறது. வருஷம் 8 சதவீதம் ஏற்றுவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். 32,197 பத்து வருஷத்தில் 69,500 ஆகும். 19 வருஷத்தில் 1,39,000. வட்டி அதே இருபதாயிரத்து ஐந்நூறில் நிற்கும். ஜி.எஸ்.டி.யையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அரசோ, பதிவுபெற்ற அறக்கட்டளையோ நடத்தும் இல்லத்தில் 60க்கு மேற்பட்டவர் மாதம் 25,000 வரை கட்டினால் வரிவிலக்கு உண்டு. கம்பெனி நடத்தினால் அந்த விலக்கு கிடையாது. 70 தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரில் விரிவாக்கிய ஆயுஷ்மான் அட்டையின் 5 லட்சம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். இல்லக் கட்டணத்துக்கு ஒரு பைசா உதவாது.

அப்படியானால் மாட்டுங்காவிலேயே இருந்துவிட்டால்? ஏஜென்சி மூலம் வரும் மவ்ஷிக்கு, அதாவது வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, 12 மணி நேர ஷிஃப்டுக்கு 800 ரூபாய் என்று போடுகிறேன். இரண்டு ஷிஃப்ட், 30 நாள்: 48,000. நிமிடத்துக்கு 1 ரூபாய் 11 காசு. இல்லத்தில் 10,509 ரூபாய்க்கு நாளைக்கு 138 நிமிடம். நிமிடத்துக்கு 2 ரூபாய் 53 காசு. வீடுதான் மலிவு என்று கால்குலேட்டர் சொல்லும். நம்பாதீர்கள். வீட்டில் வாங்கும் 1,440 நிமிடத்தில் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பது. படுக்கையில் விழுந்தவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும் என்ற கணக்கும் அங்கே நடக்காது. அதைவிட முக்கியமாக, அந்த 1 ரூபாய் 11 காசு ஏன் அவ்வளவு குறைவு? மாதத்தில் 360 மணி நேரம் உழைக்கிறாள் அந்தப் பெண். வாரம் 48 மணி என்றால் மாதம் 208தான் ஆகவேண்டும். மணிக்கு 67 ரூபாய்கூட வரவில்லை, அதிலும் ஏஜென்சிக்குப் பங்கு. வார லீவு இல்லை, வைப்பு நிதி இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. கோவண்டியிலிருந்தோ மான்குர்டிலிருந்தோ காலை வண்டி பிடித்து வருகிறவளின் அம்மாவை யார் புரட்டிப் படுக்கவைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

தாராவியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கை மூடமுடியாது. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடையில் ரயில் பாதைதான். திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிடும் கொட்டகைகளில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் இன்று முதியவர்கள். மகாராஷ்டிர அரசின் ஷ்ராவண்பாள் ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய்; 65 வயது ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருஷம் 21,000க்குள் இருக்க வேண்டும். நாளைக்கு 50 ரூபாய். என் கணக்கின்படி 20 நிமிடக் கை. பிள்ளைகள் பார்க்கவில்லை என்று தீர்ப்பாயத்துக்குப் போனால், 2007 சட்டம் மாதத்துக்கு அனுமதிக்கும் உச்சத் தொகை 10,000. கைகளுக்கு மட்டும் ஆகும் 10,509க்கும் 509 குறைவு. சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேருக்குக் குறையாமல், ஏழை முதியோர் இல்லம் அரசு அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்பது சட்ட வார்த்தை, கட்டாயம் இல்லை. மகாராஷ்டிரத்தின் 36 மாவட்டங்களிலும் கட்டிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் 5,400 கட்டில். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 60 தாண்டியவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 11 லட்சம். 2,000 பேருக்கு மேல் ஒரு கட்டில்.

சித்தி இன்னும் மாட்டுங்காவில்தான் இருக்கிறாள். டியூட்டி சார்ட் காட்டிய இல்லத்தில் பெயர் கொடுத்துவைத்திருக்கிறோம்; எங்களுக்கு முன்னால் 12 பேர். அதுவரை ராத்திரிக்கு மட்டும் ஒரு மவ்ஷி. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, அன்று நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன். பையன்கள் அந்த நாலு நாள் சம்பளத்தைப் பிடிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாதம் 3,200 ரூபாய்தான் விஷயம்.

இல்லம் தேடுபவர்கள், இல்லத்தில் குறை உள்ளவர்கள், வீட்டில் கவனிப்பாரற்றவர்கள் எல்லோருக்கும் ஒன்றிய அரசின் முதியோர் உதவி எண் ஒன்று உண்டு: 14567. கட்டணம் இல்லை, எல்லா நாளும் எடுப்பார்கள். நேரம் காலை 8 முதல் இரவு 8 வரை.